பென்ஷனுக்குப் பிறகு வந்த துணிச்சல்

லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங் 1992இல் புத்தகம் எழுதினார். மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் 2007இல் எழுதினார். முன்னவர் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை முழுவதற்கும் தளபதியாக இருந்தவர். பின்னவர் அந்தப் படையின் முதல் டிவிஷனை யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் இறக்கியவர். இரண்டு புத்தகத்திலும் ஆத்திரம் டெல்லிப் பக்கமாகத்தான் பாய்கிறது. டெல்லிக்கு என்ன வேண்டும் என்று டெல்லிக்கே தெரியவில்லை. உளவுத்துறை ஒன்று சொன்னது, வெளியுறவுத்துறை வேறொன்று செய்தது. கொழும்பில் உட்கார்ந்திருந்த தூதர் ஜே.என். தீட்சித் படைக்கே தளபதி போல உத்தரவு போட்டார். சாவது மட்டும் ராணுவத்தின் வேலையாக இருந்தது.

படித்தேன். ஒரு மகன் வாங்கிக் கொடுத்தான், இன்னொரு மகன் கூட உட்கார்ந்து அர்த்தம் சொன்னான். அவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு எதையும் நான் மறுக்கப் போவதில்லை. நானும் அந்த மண்ணில் நின்றவன். ஆனால் அச்சிட்ட வருடத்தைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது ஐயா. 1987இல் எங்களை அனுப்பினீர்கள். 1990இல் மிச்சமிருந்தவர்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டீர்கள். அனுப்பிய பிரதமர் ராஜீவ் காந்தி 1991இல் கொல்லப்பட்டார். தீட்சித் 2005 ஜனவரியில் காலமானார். ஹர்கிரத் சிங்கின் புத்தகம் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. அதற்கு முன்பே சில பேட்டிகளில் சொல்லிவிட்டார் என்பார்கள். உண்மைதான். அந்தப் பேட்டிகளும் சண்டை முடிந்து பல வருடம் ஆனபிறகு வந்தவைதான்.

நான் திருமழிசைக்காரன். பெயர் வேண்டாம், ரெஜிமென்ட்டும் வேண்டாம். ஹவில்தாராக வெளியே வந்தேன். வந்தபிறகு எங்கள் பக்கத்து எக்ஸ்சர்வீஸ்மேன் எல்லாரும் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. இங்கே ஆவடி பக்கம், பூந்தமல்லி பக்கம் போய்ப் பாருங்கள். இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நீலச்சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற வயசானவர்களில் எத்தனை பேர் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் யாரும் புத்தகம் எழுதவில்லை. லாரி நம்பரைத்தான் நோட்டில் எழுதுகிறார்கள்.

ஹர்கிரத் சிங் சொல்வதில் ஊரெல்லாம் பேசப்பட்டது ஒன்று உண்டு. 1987 செப்டம்பர் நடுவில், சண்டை தொடங்குவதற்கு முன்னால், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் பேச்சுவார்த்தைக்கு வர இருந்தார். வரும்போது அவரைப் பிடித்துவிடு, இல்லையென்றால் சுட்டுவிடு என்று தீட்சித் போனில் சொன்னாராம். இவர் தீபிந்தர் சிங்கைக் கேட்டார். பேச வருகிறவனை முதுகில் சுடுவது சிப்பாய் வேலை இல்லை என்று பதில் வந்தது, அப்படியே தூதரிடம் சொல்லிவிட்டேன் என்கிறார். நல்லது. அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் அவருக்கு சல்யூட் அடிப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். சமாதானம் செய்ய வந்த படையின் தளபதிக்கு, சமாதானம் பேச வருகிறவனைக் கொல் என்று வாய்மொழி உத்தரவு வருகிறது. அன்றைக்கே அது எழுத்தில் பிரதமரிடம் போயிருக்க வேண்டாமா? போயிருந்தால் அந்தக் காகிதம் எங்கே? இருபது வருடம் கழித்து புத்தகத்தில் வரவேண்டிய விஷயமா இது?

அடுத்து அக்டோபர். 3ஆம் தேதி கடலில் புலித் தளபதிகள் புலேந்திரன், குமரப்பா உட்பட 17 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. பலாலியில் வைத்திருந்தார்கள். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக விட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று களத்தில் இருந்த தளபதிகளுக்குத் தெரிந்திருந்தது. கொழும்பு பிடிவாதம் பிடித்தது. டெல்லி விட்டுக்கொடுத்தது. 5ஆம் தேதி சயனைடு கடித்தார்கள், 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட அமைதி இல்லை. கடும் வழியில் இறங்கவேண்டாம், இறங்கினால் பல வருடம் மாட்டிக்கொள்வோம் என்று தான் முன்கூட்டியே எச்சரித்ததாக தீபிந்தர் சிங் சொல்கிறார். எச்சரித்தீர்கள், சரி. யாரும் கேட்கவில்லை. கேட்காதபோது என்ன செய்தீர்கள்? எங்களைக் கூப்பிட்டு வரிசையில் நிற்கவைத்து, ஏறு என்றீர்கள். ஏறினோம்.

அப்போது தரைப்படைத் தலைவர் ஜெனரல் சுந்தர்ஜி. செங்கல்பட்டில் பிறந்தவர். அன்றைக்கு எங்கள் ஊரும் செங்கல்பட்டு மாவட்டம்தான். நம்ம ஊர்க்காரர் ஆர்மிக்கே தலைவர் என்று சொல்லிச் சொல்லி நான் மார்தட்டியிருக்கிறேன். சில வாரத்தில் முடித்துவிடலாம் என்று அவர் பிரதமருக்கு நம்பிக்கை கொடுத்ததாக தீட்சித் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆக, ஜெனரல்கள் தூதரைக் கைகாட்டுகிறார்கள், தூதர் ஜெனரலைக் கைகாட்டுகிறார். எல்லாரும் ஆளுக்கொரு புத்தகம் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தச் சில வாரம் முப்பது மாதம் ஆனது. நான்கு டிவிஷன் போனது. சுமார் 1,200 பேர் செத்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர் காயம்.

ஒன்று கேட்கிறேன். 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் ஆள் இறக்கினீர்களே, அதை எந்த அமைச்சர் திட்டம் போட்டார்? எந்த ஐ.எஃப்.எஸ். அதிகாரி வரைபடம் விரித்தார்? புலித் தலைமையை ஒரே இரவில் அமுக்கிவிடலாம் என்று போட்ட திட்டம் அது. நம்முடைய வயர்லெஸ்ஸை அவர்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள், எங்கே இறங்குவோம் என்று தெரிந்து காத்திருந்தார்கள். பாரா கமாண்டோக்களோடு சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேர் இறங்கினார்கள். ஹெலிகாப்டர்கள் அடிவாங்கியதால் அடுத்த நடைக்கு வரவில்லை. அந்த 30 பேரில் 29 பேர் மறுநாள் மதியத்துக்குள் பிணம். ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதற்கும் டெல்லிதான் காரணம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரசியல்வாதி அனுப்பியது தப்பு. அனுப்பியபின் நம்மவர்கள் போட்ட கணக்கும் தப்பு. முதல் தப்பைப் பக்கம் பக்கமாக விவரிக்கிற கை, இரண்டாவது தப்புக்கு வரும்போது ஏன் இத்தனை சுருக்கமாகிவிடுகிறது?

சிப்பாய்க்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், எந்தப் புத்தகத்திலும் இது ஒரு பத்திக்கு மேல் இருக்காது. எங்கள் கையில் எஸ்எல்ஆர். ஒவ்வொரு தோட்டாவாகச் சுடுகிற துப்பாக்கி. எதிரே பதினாறு பதினேழு வயதுப் பையன் கையில் ஏகே 47. ரோட்டுக்கு அடியில் சின்னப் பாலம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கண்ணிவெடி அங்கேதான் இருக்கும். கையில் கொடுத்த வரைபடம் பழசு, அதில் இல்லாத தெருக்கள் ஊரில் இருந்தன. எதிரிக்கு ஆயுதப் பயிற்சி யார் கொடுத்தது? நம்முடைய அரசாங்கம்தான். 1983க்குப் பிறகு முகாம் நடந்தது எங்கே? மேட்டூருக்குப் பக்கத்தில் கொளத்தூரில், நம்ம தமிழ்நாட்டில். அவனுக்குப் பழக்கிவிட்டு, அவனைச் சுட என்னை அனுப்பிய கூட்டம் ஒன்றே. இந்தக் கேள்வியை ஒரு லான்ஸ் நாயக் கேட்டிருந்தால் கோர்ட் மார்ஷல். ஜெனரல் புத்தகத்தில் கேட்டால் விமர்சனம், பத்திரிகையில் பாராட்டு.

கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை என்பது சட்டம். அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு, 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, இரண்டும் சேர்ந்து சீருடையில் இருக்கிறவன் வாயைக் கட்டிவிடுகின்றன. கட்டவேண்டியதுதான், நான் தப்பு சொல்லவில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவன் மேடை ஏறிப் பேச ஆரம்பித்தால் பாகிஸ்தானும் பர்மாவும் என்ன ஆயின என்று பார்த்தோம். மந்திரி சொல்வதை ஜெனரல் கேட்கவேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. எங்கள் கடிதத்தைக்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். 56 ஏபிஓ என்று ராணுவத் தபால் முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டு என் மனைவிக்கு எழுதியதில் நலம் நலமறிய ஆவல் தவிர வேறொன்றும் இருக்காது.

ஆனால் அதிகாரிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆட்சேபத்தை எழுத்தில் கொடுப்பது. இன்னொன்று, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போவது. இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவை. சிப்பாய்க்கு அந்த இரண்டும் இல்லை. கையெழுத்துப் போட்ட வருடம் முடியும்வரை அவன் போகவே முடியாது.

இதைச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. 1962இல் 33ஆவது கோர் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங், தாக் லா மலையில் சீனர்களை விரட்டச் சொன்ன உத்தரவுக்கு என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுத்தில் கேட்டார். தோட்டா இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, குளிருக்கு உடுப்பு இவ்வளவு. கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். அந்தப் பொறுப்பையே அவரிடமிருந்து பிடுங்கி, புதிதாக ஒரு கோர் உண்டாக்கி, பிரதமருக்கு வேண்டியவரான பி.எம். கவுலிடம் கொடுத்தார்கள். கவுல் போனார். நாம்கா சூ ஆற்றங்கரையில் 7ஆவது பிரிகேடு அக்டோபர் 20 காலையில் நசுங்கியது. அதன் தளபதி பிரிகேடியர் ஜான் தல்வி சீனர்களிடம் கைதியாகி அடுத்த வருடம் மே மாதம் திரும்பினார். 1969இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். தல்வியும் ஓய்வுக்குப் பிறகுதான் எழுதினார், ஆனால் அவர் தன் சிப்பாய்களோடு அந்த ஆற்றங்கரையில் நின்றவர், அவர்களோடு சிறைபட்டவர். அவர் எழுத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கவுல் எழுதியது அவருக்கு இரண்டு வருடம் முன்பு, 1967இல். தோற்கடித்தவர் முதலில் எழுதினார், தோற்றவர் பின்னால் எழுதினார். எழுத முடியாத சிப்பாய் பனியில் கிடந்தான்.

அன்றைய தரைப்படைத் தலைவர் திம்மய்யாவும் இருக்கிறார். 1959 ஆகஸ்ட் கடைசியில், பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு கூப்பிட்டுப் பேசியதும் திரும்ப வாங்கிக்கொண்டார். வாங்கியிருக்கக் கூடாது. அதற்கு மூன்று வருடம் கழித்து என்ன நடந்தது என்று பாருங்கள். மானெக்‌ஷா தரைப்படைத் தலைவராக இருந்தபோது, 1971 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தியிடம் படை இப்போது தயாராக இல்லை, அவகாசம் வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அவரே பிற்காலத்தில் மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவகாசம் கிடைத்தது. டிசம்பரில் போனார்கள், ஜெயித்தார்கள்.  

எங்கள் ஊர் ஆழ்வாரை நினைத்துக்கொள்கிறேன். ஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கதை மனசில் ஓடும். காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா, ஆழ்வாருடைய சிஷ்யன் கணிகண்ணனைத் தன்மேல் பாட்டுப் பாடச் சொன்னான். மாட்டேன் என்றதும் ஊரைவிட்டுப் போ என்றான். ஆழ்வார் என்ன செய்தார்? இந்த ராஜா மாறட்டும், காலம் போகட்டும், அப்புறம் எழுதி வைப்போம் என்று இருந்தாரா? சிஷ்யன் கூடவே அன்றே புறப்பட்டார். புறப்பட்டவர் சும்மா போகவில்லை. படுத்திருந்த பெருமாளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். ஓரிருக்கையில் ஒரு ராத்திரி தங்கினார்கள். காஞ்சி இருண்டு போய் ராஜா ஓடிவந்து காலில் விழுந்தான். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று இன்றைக்கும் அந்தச் சாமிக்குப் பெயர். அதிகாரத்தில் இருக்கிறவனை எதிர்க்கிறவன் எந்த நேரத்தில் எதிர்க்கவேண்டும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

புத்தகம் எழுதிய ஜெனரல்களே, நீங்கள் அனுப்பப்படுகிற நாளில் தொப்பியைக் கழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டெல்லி வேறு ஆட்களை அனுப்பியிருக்கும் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் நாடு ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கும். பார்லிமெண்ட்டில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். அந்த 29 பேரின் தாய்மாரில் ஒருத்திக்காவது பதில் கிடைத்திருக்கும். அமெரிக்காவில் ஈராக் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, 2006இல், ஓய்வுபெற்ற ஜெனரல்கள் சிலர் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் பதவி விலகவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களில் ஜான் பாட்டிஸ்ட் என்பவர் பதவி உயர்வே வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர். அந்த வருடக் கடைசியில் ரம்ஸ்ஃபெல்ட் போனார். அமெரிக்கா செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. சண்டை நடக்கும்போது சொன்ன சொல்லுக்கும் சண்டை முடிந்தபின் சொன்ன சொல்லுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது எனக்கே தொண்டையை அடைக்கிறது.

என் செக்ஷனில் தமிழ் பேசத் தெரிந்தவன் நான்தான். அதனால் செக்போஸ்ட்டில் கேள்வி கேட்கிற வேலை எனக்கு. வடநாட்டு மேஜர் இந்தியில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். எந்த ஊர், எங்கே போகிறாய், மகன் எங்கே. மகன் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் பதில் வராது. ஒரு வயசான அம்மா, என் அம்மா வயசு இருக்கும், கையில் பனையோலைப் பை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார், "தம்பி, நீங்கள் தமிழ் ஆளோ? பிறகேன் இவங்களோட நிக்கிறியள்?" மேஜர் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை சாப், தண்ணி கேட்கிறாள் என்றேன்.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், படுக்கையில் இருந்த நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்றது ராணுவம். இல்லை என்றார்கள் பிழைத்த டாக்டர்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்களைக் கொன்றார்கள், வியட்நாமில் அமெரிக்கப் படை நடத்திய படுகொலையை நினைத்து ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதை இந்தியாவின் மைலாய் என்று சொன்னார். ஜெனரல் புத்தகங்களில் தீட்சித்துக்கு ஒதுக்கிய பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு இந்த ஜனங்களுக்கு ஒதுக்கவில்லை. டெல்லி உங்களுக்குத் துரோகம் செய்தது என்று குமுறுகிறீர்கள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் செத்தவர்களுக்கு யார் துரோகம் செய்தார்கள்? அதற்கும் ஒரு அத்தியாயம் எழுதுங்கள் ஐயா. உங்களில், அமைதிப்படையில் தளபதியாக இருந்த சர்தேஷ்பாண்டே ஒருவர்தான் கொஞ்சம் மனசாட்சியோடு, எதிரியையும் மனுஷனாகப் பார்த்து எழுதினார். மற்றவர்கள் தங்கள் மரியாதைக்கு நேர்ந்த குறையைத்தான் எழுதினார்கள்.

1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்க வரவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். வந்திருக்கவேண்டும் என்று அப்போது ஆத்திரப்பட்டேன். இன்றைக்கு யோசித்தால், யாழ்ப்பாணத்து ஜனங்களைப் பார்த்தவன் என்பதால், அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் தெரிகிறது. ஆனால் அந்த நியாயத்தின் சூடு யார்மேல் விழுந்தது? ராஜீவ் காந்தியின் மேலா? தீட்சித்தின் மேலா? ஜெனரல்களின் மேலா? கப்பல் ஏணியில் டிரங்குப் பெட்டி தூக்கிக்கொண்டு இறங்கியவன் மேல். சாவகச்சேரியில் கால் போய் ஊன்றுகோலோடு வந்தவன் மேல்.

திருமழிசைக்கு வந்தேன். டீக்கடையில் எனக்கு அண்ணன் முறையாகிற ஒருவர் கேட்டார், "இன்னாப்பா, நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்தியாமே?" டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வருடம் மே 21 ராத்திரி, ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்தில் இறங்கி, போரூர், பூந்தமல்லி வழியாக, எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே போகிற அந்த பெங்களூர் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூர் போனார். திரும்பவில்லை. மறுநாள் காலையில் அதே டீக்கடையில் அதே அண்ணன் சொன்னார், "அன்னிக்கே அவனுங்கள மொத்தமா முடிச்சிட்டு வந்திருக்கணும்பா நீங்க." முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. பூந்தமல்லி ஸ்பெஷல் கோர்ட்டில் கேஸ் நடந்த வருடங்களில் நான் அந்த வழியாகத்தான் டியூட்டிக்குப் போவேன். சுவருக்கு உள்ளே கொலைக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொலைக்கு முன்னால் நடந்த முப்பது மாதத்துக்குக் கணக்குப் பார்க்க எந்தக் கோர்ட்டும் இல்லை.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரனை நினையுங்கள். பரங்கிமலையில் பயிற்சி பெற்றுப் போனவர். 1987 நவம்பர் 25 அன்று நெஞ்சில் குண்டு வாங்கியபின்னும் சண்டை போட்டுச் செத்தார். பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். அந்தப் படையில் செத்தவர்களுக்கு நம் நாட்டில் வருஷா வருஷம் அரசாங்கம் மாலை வைத்ததா? பல பத்தாண்டுகள் இல்லை. உயிரோடு வந்த பழைய அதிகாரிகளும் ஜவான்களும் தாங்களாகவே கூடி, தங்கள் காசில் மாலை வாங்கி வைத்தார்கள். நினைவுச் சின்னம் எங்கே எழும்பியது? கொழும்புக்குப் பக்கத்தில் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டேயில், இலங்கை அரசாங்கம் கட்டியது. அதிபர் பிரேமதாசா எங்களைச் சுடுவதற்குப் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தாரே, அதே இலங்கை அரசாங்கம். நம்மைவிட அவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது.

இப்போது காலம் இன்னும் மோசம். ஓய்வுபெற்றபின் எழுதினாலும் நிறுத்திவிடுகிறார்கள். முன்னாள் தரைப்படைத் தலைவர் நரவானேயின் நினைவுக் குறிப்பு 2024 ஜனவரியில் வரவேண்டியது. லடாக்கில் சீன டாங்கிகள் முன்னேறிய இரவில் மேலிடத்திலிருந்து என்ன பதில் கிடைத்தது என்று அதில் எழுதியிருப்பதாக 2023 டிசம்பரில் ஒரு செய்தி நிறுவனம் வெளியிட்டது. அனுமதிக்காக என்று சொல்லிப் புத்தகம் நின்றுபோனது. 1962 தோல்வியைப் பற்றிய ஹென்டர்சன் புரூக்ஸ், பகத் அறிக்கையின் கதையும் இதுதான். ஒரு பகுதி 2014இல் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் வெளியிட்டதால் தெரியும், நம் அரசாங்கம் வெளியிட்டு அல்ல. நேரு கட்சியின் அரசாங்கமும் வெளியிடவில்லை, நேருவைத் திட்டுகிற கட்சியின் அரசாங்கமும் வெளியிடவில்லை. ஆக, அதிகாரி பேசக்கூடிய நேரத்தில் பேசுவதில்லை. பேசுகிற நேரத்தில் அரசாங்கம் விடுவதில்லை. நடுவில் சாகிறவன் ஒரே ஆள்.

இதைப் படிக்கிற இளம் அதிகாரிகள் இருந்தால், நம்ம பையன்கள் பரங்கிமலையிலிருந்து வருஷா வருஷம் போகிறார்களே, உங்களுக்குச் சொல்கிறேன். தம்பி, உத்தரவு தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே எழுத்தில் கொடு. ஒரு நகல் எடுத்து வை. பத்து வருடம் கழித்து வரும் உன் புத்தகத்தை நான் படிக்க வேண்டாம், உன் கீழே இருக்கிறவன் உயிரோடு வந்தால் போதும்.

அரசாங்கத்துக்கு ஒன்றுதான் கேட்கிறேன். 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் தானே கொள்கை அறிவித்தது. போர்களின் வரலாற்றைத் தொகுப்போம், ஆவணங்களைச் சாதாரணமாக 25 வருடத்தில் வெளிப்படையாக்குவோம் என்று. அமைதிப்படை திரும்பியது 1990 மார்ச். அந்தக் கணக்குப்படி 2015லேயே கெடு தீர்ந்துவிட்டது. பல்கலைக்கழக மைதானத்துக் கோப்பு, ஆஸ்பத்திரிக் கோப்பு, வல்வெட்டித்துறைக் கோப்பு, தளபதிகள் கொடுத்ததாகச் சொல்கிற ஆட்சேபக் குறிப்புகள், தூதர் போட்டதாகச் சொல்கிற உத்தரவுகள், எல்லாவற்றையும் திறங்கள். யார் சொன்னது பொய், யார் சொன்னது உண்மை என்று நாங்கள் உயிரோடு இருக்கும்போதே தெரியட்டும். எங்கள் செக்ஷனில் இன்னும் சிலர்தான் பாக்கி.